வீட்டில் ஐஸ் காபி: சேலத்து வெயிலிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பங்குனி பாதியில் தொடங்கி வைகாசி முடியும்வரை சேலத்தில் மதியக் காபி இறங்குவதில்லை. காபியை விடவும் மனசு வருவதில்லை. ஐஸ் காபி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு அளவு சொல்லாத இடத்தில் எல்லாம் 300 மில்லி பிடிக்கும் ஒரு உயரமான கிளாசுக்கான கணக்கு. தேக்கரண்டி என்றால் தலை தட்டிய தேக்கரண்டி. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

காலையில் மிஞ்சிய காபியில் ஐஸ் போட்டால் ஐஸ் காபி ஆகிவிடாதா?

ஆகாது. ஆறின காபியில் ஐஸ் மிதக்கும், அவ்வளவுதான். சூடாகக் குடிக்கப் போட்ட காபியில் தண்ணீருக்கு இடமே இல்லை. நாலு ஐஸ் கட்டி கரைந்தால் அரை டம்ளர் தண்ணீர் கூடுதலாக ஊற்றிய மாதிரி. போதாததற்கு, குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், மணமும் மேலே எழாது. ஐஸ் காபிக்கு டிகாஷன் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கெட்டியாகவும், சர்க்கரை கால் பங்கு கூடுதலாகவும் இருக்க வேண்டும். கரையப்போகும் ஐஸை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டு போடுவதுதான் ஐஸ் காபி. கீழே வரும் பதில்கள் பலவும் இந்த ஒரு கணக்கைச் சுற்றியே இருக்கும்.

சரியான அளவு என்ன?

குளிரவைத்த கெட்டி டிகாஷன் 60 மில்லி, காய்ச்சிக் குளிரவைத்த பால் 120 மில்லி, சர்க்கரை 3 தேக்கரண்டி (சுமார் 12 கிராம்), ஐஸ் 80 முதல் 90 கிராம். வீட்டு ட்ரேயில் ஒரு கட்டி 20 முதல் 25 கிராம் இருக்கும், ஆக நாலு கட்டி. உங்கள் ட்ரேயின் கணக்கு தெரிய வேண்டுமானால் ட்ரே நிறையப் பிடிக்கும் தண்ணீரை அளந்து குழிகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையை டிகாஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிட வேண்டும். கிளாசில் முதலில் இனிப்பு டிகாஷன், அதன்மேல் ஐஸ், கடைசியில் பால். பாலை ஐஸ் மேலே படும்படி மெதுவாக ஊற்றினால் இரண்டு நிறமாக நிற்கும். பார்க்க அழகுதான், ஆனால் கலக்கிவிட்டுக் குடியுங்கள்.

டிகாஷனை எப்படிக் கெட்டியாக இறக்குவது?

தூள் 30 கிராம், தண்ணீர் 160 மில்லி. ஃபில்டரின் மேல் பாத்திரம் உள்ளே ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் தூள் ஓட்டைகளில் அப்பிக்கொள்ளும். தூளைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால் சமமாகிவிடும். குடையை (தூளின்மேல் வைக்கும், தண்டு உள்ள ஓட்டைத் தட்டு) வைத்து லேசாக அமுக்கினால் போதும், பலம் காட்ட வேண்டாம்.

தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் சேலத்தில் இருப்பவர்கள் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்கள் கொதித்ததை அப்படியே ஊற்றலாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, காபிக்கு வேண்டிய சூடும் அதுதான். முதலில் 30 மில்லி மட்டும் ஊற்றித் தூளை நனைத்து அரை நிமிடம் பொறுங்கள். தூள் உப்பி அடங்கும். பிறகு மிச்சத்தைக் குடையின்மேல் மெதுவாக ஊற்றி மூடுங்கள். 20 முதல் 30 நிமிடத்தில் இறங்கிவிடும்.

ஊற்றியது 160, கீழே இறங்குவது 95 முதல் 100 மில்லி. தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் பயப்பட வேண்டாம். அதே தூளில் இன்னும் 80 மில்லி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாஷனைக் காபிக்குக் கலக்காதீர்கள். ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவையுங்கள். சாதா ஐஸுக்குப் பதிலாக அந்தக் கட்டிகளைப் போட்டால் கடைசி வாய் வரைக்கும் காபி காபியாகவே இருக்கும்.

சூடான டிகாஷனை நேராக ஐஸ் மேல் ஊற்றினால் என்ன கெட்டுப்போகும்?

கெட்டுப்போகாது, நீர்த்துப்போகும். கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் ஐஸ் கரைய 80 கலோரி வெப்பம் தேவை. ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இருந்த கட்டி சுழிக்கு வர இன்னும் 9, கரைந்த தண்ணீர் 5 டிகிரிக்கு ஏற 5. மொத்தம் 94 கலோரி. 70 டிகிரியில் இருக்கும் 60 மில்லி டிகாஷன் 5 டிகிரிக்கு இறங்க 3,900 கலோரியை வெளியே விட வேண்டும். அதற்கே 41 கிராம் ஐஸ் காலி. பால் ஃப்ரிட்ஜில் இல்லாமல் சேலத்து மே மாத அறைச் சூட்டில், அதாவது 35 டிகிரியில் இருந்தால், 120 மில்லிக்கு இன்னும் 36 கிராம் போகும். போட்ட நாலு கட்டியும் கிட்டத்தட்டக் கரைந்து, கையில் இருப்பது 80 மில்லி தண்ணீர் கலந்த காபி.

டிகாஷனும் பாலும் ஃப்ரிட்ஜிலிருந்து வந்தால் ஐஸுக்கு வேலையே இல்லை. கிளாசும் வெளிக்காற்றும் கொடுக்கும் சூட்டுக்கு மட்டும் மெல்லக் கரையும். குளிரவைப்பது ஃப்ரிட்ஜின் வேலை. அந்தக் குளிர்ச்சியைப் பிடித்து வைப்பதுதான் ஐஸின் வேலை.

திடீரென விருந்தாளி வந்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க நேரமில்லையே?

அகலமான பாத்திரத்தில் தண்ணீர், ஒரு ட்ரே ஐஸ், ஒரு கைப்பிடி கல்லுப்பு. உப்பு போட்டால் ஐஸ் தண்ணீரின் குளிர்ச்சி சுழி டிகிரிக்கும் கீழே போகும். அதற்குள் டிகாஷன் இருக்கும் எவர்சில்வர் டம்ளரை இறக்கி ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தால் 5, 6 நிமிடத்தில் நன்றாகக் குளிர்ந்துவிடும். பீங்கானிலோ தடித்த கண்ணாடியிலோ வைத்தால் இந்த வேகம் வராது. உப்புத் தண்ணீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடிப்பதற்கும் எவர்சில்வர் டம்ளரே போதுமா?

இரும்பாலை இருக்கும் ஊரில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது: ஐஸ் காபிக்குக் கண்ணாடி கிளாஸ்தான். டிகாஷனைச் சீக்கிரம் குளிரவைத்த அதே எவர்சில்வர் கைச்சூட்டையும் சீக்கிரம் உள்ளே விடும். டம்ளரில்தான் குடிப்பேன் என்றால் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். இரட்டைச் சுவர் டம்ளர் இருந்தால் கேள்வியே இல்லை.

எந்தக் காபித் தூள் நல்லது? சிக்கரி எவ்வளவு?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். இன்றும் அங்கே முக்கியமாக விளைவது அரபிகா வகைக் காபி. சில்வர் ஓக் நிழலில், அந்த மரங்களிலேயே மிளகுக் கொடி படர, அடியில் காபிச் செடி. அரபிகாவில் மணமும் லேசான புளிப்பும் உண்டு, கனம் குறைவு. சூடான காபிக்கு அது அழகு. பாலும் ஐஸும் சேர்ந்த குளிர்ந்த கிளாசில் தனி அரபிகா கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். அதனால் 80 பங்கு ஏற்காட்டு அரபிகாவோடு 20 பங்கு ரோபஸ்டா சேர்த்து அரைக்கச் சொல்லுங்கள். கசப்பும் கனமும் கூடும், ஐஸ் கரைந்தாலும் தாங்கும்.

சிக்கரி காபியே அல்ல, ஒரு செடியின் வறுத்த வேர். அதில் காஃபின் கிடையாது. தண்ணீரில் காபியைவிட அதிகமாகக் கரைவதால் டிகாஷன் கறுப்பாகவும் கொழகொழவென்றும் இறங்கும். நிறத்தைப் பார்த்துக் கெட்டி என்று ஏமாறுவது இங்கேதான். ஐஸ் காபிக்கு 15 சதவீதம் வரை சிக்கரி நன்மையே செய்யும், கொஞ்சம் கனம் கொடுக்கும். 30-ஐத் தாண்டினால் குளிரில் கஷாய வாடை எட்டிப்பார்க்கும். பாக்கெட் தூள் வாங்கினால் சதவீதத்தைப் படியுங்கள். காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் சட்டம், ஆக 49 வரை சிக்கரி இருந்தாலும் அது முறையான பாக்கெட்தான். அரைக்கும் கடையில் கேட்பதானால் “அரை கிலோவுக்கு 75 சிக்கரி” என்று சொன்னால் புரிந்துவிடும்.

ஏற்காடு போனால் எதைப் பார்த்து வாங்குவது?

ஒண்டிக்கடையைச் சுற்றியும் ஏரிப் பக்கமும் காபி விற்கும் கடைகள் நிறைய. பிளாண்டேஷன் ஏ என்றால் பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகாவில் பெரிய கொட்டை. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே கொட்டையாக உருண்டு விளைந்தது. சீராக வறுபடும். செர்ரி என்று சொன்னால் பழத்தோடு காயவைத்து உடைத்தது, மண்வாசனை சற்றுக் கூடும். ஐஸ் காபிக்கு பீபெரிக்குக் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை என்பது எங்கள் கருத்து. பாலிலும் ஐஸிலும் அந்த வித்தியாசம் பாதி கரைந்துவிடும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது வறுத்தது? ஒரு மாதத்துக்குள் என்றால் கொட்டையாக வாங்குங்கள். தூளாக வாங்கினால் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். ஃப்ரிட்ஜில் வைத்துத் தினமும் திறந்து மூடினால் தூளில் நீர் கோத்துக்கொள்ளும். சிக்கரி கலந்தது என்றால் கட்டி கட்டியாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வெளியே வைத்தாலே போதும்.

பச்சைக் கொட்டை கிடைத்தது. வீட்டிலேயே வறுக்கலாமா?

தாராளமாக. இரும்பு வாணலியில் ஒரு தடவைக்கு 200 கிராம், மிதமான தீ, கை நிற்காமல் கிளற வேண்டும். 5, 6 நிமிடத்தில் மஞ்சளாகி ரொட்டி சுடும் வாசனை வரும். 10 நிமிடத்தை ஒட்டி “பட் பட்” என்று வெடிக்கத் தொடங்கும், அது முதல் வெடிப்பு. அங்கே நிறுத்தினால் புளிப்பு தூக்கலாக இருக்கும், பாலுக்கு ஒத்துவராது. இன்னும் 2, 3 நிமிடம் கிளறி, இரண்டாவதாகச் சடசடவென்று மெல்லிய சத்தம் கிளம்பும்போது இறக்கிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். முறத்திலோ சல்லடையிலோ கொட்டி விசிறிவிட வேண்டும். உமி பறக்கும், புகையும் வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

200 கிராம் போட்டால் 165 முதல் 170 கிராம்தான் மிஞ்சும். ஈரம் போன கணக்கு அது, யாரும் திருடவில்லை. உடனே அரைக்காதீர்கள். புதிதாக வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். தூள் நுரைத்துத் தண்ணீரை உள்ளே விடாது, டிகாஷன் வெளுப்பாக இறங்கும். இரண்டு நாள் பொறுத்து அரையுங்கள்.

அதே தூள், அதே ஃபில்டர். சொந்தக்காரர் வீட்டில் நன்றாக இருக்கிறது, எங்கள் வீட்டில் சப்பென்று இருக்கிறதே?

தண்ணீரைப் பாருங்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் பூமி இருக்கிறது. வெள்ளைக்கல் எனும் மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட்தான். இப்படிப்பட்ட மண்ணில் ஊறி வரும் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம் இருக்கும். அது காபியின் மெல்லிய புளிப்பைச் சமன் செய்து அழித்துவிடும். பிறகு நிற்பது கசப்பு மட்டும். குளிர்ந்த காபியில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். உப்புத் தண்ணீரில் செய்த ஐஸ் கரையும்போது அந்த ருசியும் சேர்ந்து இறங்கும்.

மேட்டூர் தண்ணீர் வரும் வீடுகளில் அதையே டிகாஷனுக்கும் ஐஸுக்கும் வையுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் வடிகட்டும் மெஷினில் எடுத்த தண்ணீர். ஆனால் அதில் உப்பே இல்லாமல் எடுத்துவிட்டால் காபி வெடுக்கென்று புளிக்கும். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 75 முதல் 150 வரை இருக்கும்படி இரண்டையும் கலந்துகொள்ளுங்கள்.

டிகாஷன் இறங்கவே மாட்டேன் என்கிறது.

தூள் மைதா மாதிரி அரைபட்டிருக்கும், அல்லது குடையை ஓங்கி அமுக்கியிருப்பீர்கள், அல்லது ஓட்டை அடைத்திருக்கும். அவசரத்துக்கு மேல் பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, கீழ்ப் பாத்திரத்தின் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். கரண்டியை விட்டுத் தூளைக் கிளறினால் இறங்கும், ஆனால் மண்டியும் கூடவே இறங்கும். அடைத்த ஓட்டைக்குப் பழைய வைத்தியம்தான்: எவர்சில்வர் ஃபில்டர் என்றால் காய்ந்த மேல் பாத்திரத்தின் அடியை அடுப்புத் தீயில் சில வினாடி காட்டி, ஆறியதும் தட்டிக் கழுவுங்கள், ஒட்டிய தூள் கருகி உதிரும். ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரில் இதைச் செய்யக்கூடாது, பூச்சு உருகிவிடும். அதற்கு ஊசியும் வெந்நீரும்தான்.

ஐந்தே நிமிடத்தில் மளமளவென்று இறங்கினால் எதிர்க் குறை. தூள் பருமன், அல்லது ஃபில்டரின் அளவுக்குத் தூள் போதவில்லை. ஆறு பேருக்கான ஃபில்டரில் 30 கிராம் போட்டால் மெல்லிய அடை போலப் பரவி நிற்கும், தண்ணீர் ஓடிவிடும். சின்ன ஃபில்டரை எடுங்கள்.

எந்தப் பால்?

பாக்கெட்டில் கொழுப்பு அளவு போட்டிருக்கும். சமன்படுத்திய பால் 3 சதவீதம், நிலைப்படுத்திய பால் 4.5, நிறைகொழுப்பு 6. நிறைகொழுப்புதான் ஐஸ் காபிக்கு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மை. குளிரில் கொழுப்பு இறுகி மேலண்ணத்தில் ஒட்டும், குடித்து முடித்தபின் வாய் பிசுபிசுக்கும். 4.5 சதவீதமே எங்கள் தேர்வு. சமன்படுத்திய பால்தான் இருக்கிறது என்றால் அரை லிட்டரைச் சிறுதீயில் 400 மில்லியாகச் சுண்டவையுங்கள். தண்ணீர் போய்ச் சத்து கூடும், ஐஸ் கரைந்தாலும் ஈடுகட்டும்.

காய்ச்சிய பாலை ஆறவைக்கும்போது ஆடை படியாமல் இரண்டு மூன்று தடவை கலக்குங்கள். ஊற்றும்போது டீ வடிகட்டியில் வடித்தே ஊற்றுங்கள். ஐஸ் காபியில் ஆடை வாயில் படுவதுபோல் எரிச்சல் வேறு இல்லை. கன்டென்ஸ்டு மில்க் சேர்ப்பதானால் ஒரு மேசைக்கரண்டி (சுமார் 20 கிராம்) போட்டுச் சர்க்கரையை அறவே விட்டுவிடுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி போடலாமா? பால் திரிந்துவிடுமே?

செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி பக்கத்திலேயே இருக்கும்போது கேட்காமல் இருக்க முடியுமா? சூடான பாலில் வெல்லம் போட்டால் அதன் புளிப்பும் உப்பும் பாலைத் திரித்துவிடும். சூடுதான் அதற்குத் துணை. குளிர்ந்த பாலில் அந்த ஆபத்து மிகக் குறைவு, ஆகவே வெல்லக் காபிக்கு ஐஸ் காபியே பாதுகாப்பான வழி என்றுகூடச் சொல்லலாம். 100 கிராம் வெல்லத்தை 60 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டு, மண் போக வடிகட்டி, முழுக்க ஆறியபின் கிளாசுக்கு ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். கருப்பட்டியும் இப்படியே, ஆனால் அதன் மணம் அரபிகாவை அமுக்கிவிடும். அதற்கு ரோபஸ்டா கூடின தூள்தான் ஜோடி.

வெள்ளைச் சர்க்கரையைப் பாகாக வைத்துக்கொள்வதும் வசதி. 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். கம்பிப் பதம் எதுவும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். 12 கிராம் சர்க்கரைக்கு ஈடாக நாலு தேக்கரண்டிப் பாகு. கிளாஸ் அடியில் சர்க்கரை நெருநெருவென்று தங்கும் குறையும் இதோடு தீரும்.

கடையில் வருகிற மாதிரி நுரை வேண்டும்.

மிக்சியின் ஜூஸ் ஜாரில் டிகாஷன், சர்க்கரை, பால், இரண்டே ஐஸ் கட்டி. ஜார் பாதிக்குமேல் நிறையக்கூடாது. விட்டு விட்டு மொத்தம் 20 முதல் 25 வினாடி. அதற்குமேல் ஓட்டினால் பிளேடின் சூட்டில் காபி வெதுவெதுப்பாகும். நுரையைக் கட்டுவது பாலின் புரதம். கொழுப்பு குறைந்த பாலில் நுரை உயரமாக நிற்கும். ஆடையோடு கூடிய பால், அதுவும் சரியாகக் குளிராத பால், நேரம் கூட ஓடினால் வெண்ணெய்த் துணுக்கு மிதக்கும். இது மோர் கடைவதற்கு எடுக்கும் அதே வேலைதான், இடம்தான் தப்பு. மிக்சி இல்லையா? மூடி இறுகும் அரை லிட்டர் பாட்டிலில் போட்டு அரை நிமிடம் குலுக்குங்கள்.

ஐஸ்கிரீம் போடுவதானால் ஒரு உருண்டை வெனிலா போதும், சர்க்கரையைப் பாதியாக்குங்கள். டப்பாவில் ஃப்ரோசன் டெசர்ட் என்று இருந்தால் அதில் தாவரக் கொழுப்பு இருக்கும், குளிரில் வாயில் மெழுகு படிந்த மாதிரி நிற்கும்.

இன்ஸ்டன்ட் தூளில் செய்யலாமா?

செய்யலாம். 2 தேக்கரண்டித் தூளும் 3 தேக்கரண்டிச் சர்க்கரையும் 30 மில்லி வெந்நீரில் கரைத்து, ஐஸ், 150 மில்லி பால். குளிர்ந்த பாலில் நேராகப் போட்டால் கறுப்புப் புள்ளிகளாக மிதக்கும். அவசரத்துக்கு நல்லது, அவ்வளவுதான்.

கோல்ட் ப்ரூ என்கிறார்களே, அது வேறா?

வேறு. வெந்நீரே படாமல் பச்சைத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊறவைப்பது. கசப்பும் புளிப்பும் குறைந்து, வழவழவென்று இருக்கும். சிக்கரி இல்லாத தூள் 60 கிராம், ரவையைவிடக் கொஞ்சம் பருமனாக அரைத்தது. தண்ணீர் 480 மில்லி. கண்ணாடிப் பாட்டிலில் கலந்து மூடி ஃப்ரிட்ஜில் 14 மணி நேரம். முதலில் டீ வடிகட்டி, பிறகு நனைத்துப் பிழிந்த வேட்டித் துணி. துணியைப் பிழியாதீர்கள், தானாக வடியட்டும், பிழிந்தால் மண்டி வரும். 350 மில்லி சுமாருக்குக் கிடைக்கும். பால் சேர்க்காமல் ஃப்ரிட்ஜில் ஐந்து நாள் தாங்கும். கிளாசுக்கு 90 மில்லி இது, 90 மில்லி பாலோ தண்ணீரோ, மேலே ஐஸ்.

இரண்டு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஃபில்டர் தூளிலேயே செய்வது: வடிகட்டவே முடியாத சேறாகிவிடும். வெளியே வைத்து ஊறவைப்பது: சேலத்து ஏப்ரல் இரவில் அது ஊறாது, புளிக்கும். ஏற்காட்டு மார்கழிக் குளிரிலும் ஃப்ரிட்ஜே நல்லது.

பால் இல்லாமல் குடிக்க?

சிக்கரி இல்லாத டிகாஷன் 40 மில்லி, குளிர்ந்த தண்ணீர் 120 மில்லி, ஐஸ். வடிகட்டிய ஆரஞ்சுச் சாறு 100 மில்லியின்மேல் அதே 40 மில்லி டிகாஷனை ஊற்றினால் அரபிகாவின் புளிப்போடு பொருந்தி வரும். எலுமிச்சையானால் அரைத் தேக்கரண்டிக்குமேல் வேண்டாம். சிக்கரித் தூளில் இவை இரண்டும் எடுபடாது. தட்டுவடை செட்டின் காரத்துக்குப் பக்கத்தில் வைக்க இந்தப் பால் இல்லாத வகைதான் சரி.

ஐஸில் ஃப்ரிட்ஜ் வாடை வருகிறது.

மீன், பூண்டு, பொங்கின தோசை மாவு எல்லாவற்றின் வாடையையும் ஐஸ் இழுத்துக்கொள்ளும். உறைந்த கட்டிகளைத் திறந்த ட்ரேயில் விடாமல் மூடும் டப்பாவுக்கு மாற்றி, ஒரு வாரத்துக்குள் தீருங்கள். கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் காற்றுதான், கெடுதல் இல்லை. கடையில் வாங்கும் ஐஸ் பார் குடிதண்ணீரில் செய்தது என்று உறுதி இல்லாவிட்டால் பாத்திரத்துக்கு வெளியே குளிரவைக்க மட்டும் வையுங்கள், கிளாசுக்குள் வேண்டாம்.

பபிள் டீ மாதிரி ஜவ்வரிசி போடலாமா?

அந்தக் கறுப்பு உருண்டைகளும் மரவள்ளி மாவில் செய்வதுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசியும் மரவள்ளிதான். பெரிய மணி ஜவ்வரிசியாகப் பாருங்கள். கால் கப் ஜவ்வரிசியை அரை மணி ஊறவைத்து, கொதிக்கும் இரண்டு கப் தண்ணீரில் போட்டு 15 முதல் 20 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் குண்டூசித் தலையளவு வெள்ளை மிச்சமிருக்கும்போது அடுப்பை அணைத்து 10 நிமிடம் மூடி வைத்தால் அதுவும் வெந்துவிடும். உடனே பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அலசாவிட்டால் காபி கஞ்சியாகும். வெல்லப்பாகில் ஊறவைத்து, கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி போடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவு இறுகிக் கல்லாகிவிடும், மூன்று நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

டிகாஷன் எத்தனை நாள் தாங்கும்? ஆபீசுக்குக் கொண்டுபோகலாமா?

மூடிய கண்ணாடிப் பாட்டிலில், ஃப்ரிட்ஜில், இரண்டு நாள். மணம் முதல் நாளே பாதி போய்விடும். பால் கலந்தது என்றால் அன்றைக்கே. ஆபீசுக்கு எடுத்துப்போக, குளிர்ச்சி பிடிக்கும் ஃபிளாஸ்க்கில் டிகாஷன் ஐஸ் கட்டிகளையும் குளிர்ந்த பாலையும் மட்டும் போடுங்கள். மதியத்துக்குள் கட்டி கரைந்து தானாகவே காபியாகியிருக்கும்.

சாயங்காலம் குடித்தால் தூக்கம் போகுமா? குழந்தைகளுக்கு?

குளிர்ந்திருப்பதால் சாது என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன கெட்டி டிகாஷன் 60 மில்லியில் 100 மில்லிகிராமுக்குக் குறையாமல் காஃபின் இருக்கும். ரோபஸ்டாவில் அரபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. நாலு மணிக்குமேல் தவிர்த்தால் இரவு நிம்மதி. பிள்ளைகள் அடம்பிடித்தால் வறுத்த சிக்கரித் தூளில் மட்டும் இறக்கிய டிகாஷனில் செய்து கொடுங்கள், நிறம் இருக்கும், காஃபின் இருக்காது.

வீட்டு விசேஷத்துக்கு 20 பேருக்கு வேண்டும்.

200 மில்லி கிளாஸ் என்று வைத்தால் டிகாஷன் 800 மில்லி, சுண்டிய பால் 1.6 லிட்டர் (2 லிட்டர் வாங்குங்கள்), சர்க்கரை 160 கிராம், கிளாசுக்குள் போட மட்டும் ஐஸ் 1.2 கிலோ. இவ்வளவு டிகாஷனுக்கு வீட்டு ஃபில்டர் உதவாது. 1.3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அணைத்து, 250 கிராம் தூளைக் கொட்டி ஒரு முறை கலக்கி, 8 நிமிடம் மூடி வைத்து, துணியில் வடியுங்கள். சூட்டிலேயே சர்க்கரையைக் கரைத்து, முந்தின நாள் இரவே ஃப்ரிட்ஜில் ஏற்றுங்கள்.

ஐஸில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வது. இரண்டு ட்ரே இருக்கும் ஃப்ரீசர் ஒரு இரவில் அரை கிலோவைத் தாண்டாது. மூன்று நாள் முன்பிருந்தே கட்டிகளை எடுத்துப் பையில் கட்டிச் சேர்த்து வையுங்கள். பாலையும் டிகாஷனையும் முன்கூட்டியே கலந்துவிடாமல், ஆள் வர வர ஊற்றிக் கொடுங்கள்.